குற்றம் நடந்த ஊர் தண்டனையைக் கூட்டுமா?

கேள்வி: நாங்கள் ஸ்காபரோவில் வசிக்கிறோம். மொன்றியலில் படிக்கும் எனது 23 வயது மகன், கியூபெக் மாகாணத்தின் போஸ் பகுதிக்கு நண்பர்களுடன் போயிருந்தபோது, மது அருந்திய நிலையில் வாகனம் ஓட்டி விபத்துக்குள்ளாக்கிவிட்டான். கூட இருந்த நண்பனுக்குக் கால் எலும்பு முறிந்து சத்திரசிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. மகன் மீது, போதையில் வாகனம் ஓட்டி உடற்காயம் விளைவித்ததாகக் குற்றம் சாட்டியிருக்கிறார்கள். இதற்கு முன் அவன் மீது எந்த வழக்கும் இல்லை. நிரந்தர வதிவிட உரிமை உண்டு. குடியுரிமை இன்னும் எடுக்கவில்லை. அங்குள்ள சட்டத்தரணி, “இந்தப் பிரதேச நீதிமன்றம் இப்படியான வழக்குகளைக் கடுமையாகப் பார்க்கும்” என்கிறார். வன்கூவரில் இருக்கும் என் அண்ணாவின் மகனும் குடித்துவிட்டு ஓட்டிப் பொலிஸாரிடம் பிடிபட்டான். 90 நாட்கள் ஓட்ட முடியாமல் இருந்தான், தண்டப்பணம் கட்டினான், அவ்வளவுதான். கனடா முழுவதற்கும் ஒரே குற்றவியல் சட்டம் என்று சொல்கிறார்களே, ஊருக்கு ஒரு தண்டனை என்றால் அது எப்படி நியாயமாகும்? வழக்கை ரொறன்ரோவுக்கு மாற்ற முடியாதா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு தாயின் கலக்கமும், சட்டம் பயின்றவர்களே இன்றுவரை வாதாடிக்கொண்டிருக்கும் ஒரு கேள்வியும் சேர்ந்தே இருக்கின்றன. வழக்குக் கோப்பை நான் பார்க்கவில்லை. ஆகையால் உங்கள் மகனுக்கு என்ன தண்டனை கிடைக்கும் என்று சொல்லப் போவதில்லை. ஆனால் அங்குள்ள சட்டத்தரணி சொன்னதற்குச் சட்டத்தில் என்ன அடிப்படை இருக்கிறது, அதற்கு எல்லை எங்கே இருக்கிறது, அந்த எல்லைக்குள் உங்கள் மகனுக்காக எதைச் செய்யலாம் என்பவற்றைச் சொல்ல முடியும்.

சமஷ்டி என்ற சொல்லை ஓர் அரசியல் கோரிக்கையாகவே கேட்டு வளர்ந்த நம்மவர்களுக்கு, சமஷ்டி நாடென்றால் ஒவ்வொரு மாகாணமும் தன் குற்றங்களையும் தண்டனைகளையும் தானே வகுத்துக்கொள்ளும் என்ற எண்ணம் இயல்பாக வருவதுண்டு. அமெரிக்காவில் அப்படித்தான், ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித் தண்டனைச் சட்டம் இருக்கிறது. கனடாவின் அரசியலமைப்பை வகுத்தவர்கள், குறிப்பாக ஜோன் ஏ. மக்டொனால்ட், அதை அமெரிக்க முறையின் ஒரு குறையாகவே கண்டார்கள். எனவே 1867 ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டம் குற்றவியல் சட்டத்தையும் குற்ற வழக்குகளுக்கான நடைமுறையையும் ஒட்டாவாவின் கையில் வைத்தது. குடியியல் விடயங்களில் பிரெஞ்சு மரபைக் கட்டிக்காத்துவரும் கியூபெக் கூட, குற்றவியலில் 1774 முதலே ஆங்கிலேயச் சட்டத்தின் வழியில் வந்த மாகாணம். ஆகவே உங்கள் மகன் மீது சுமத்தப்பட்டிருக்கும் குற்றத்தின் வரையறை, அதன் உச்சத் தண்டனை, குறைந்தபட்சத் தண்டனை ஆகிய மூன்றும் போஸிலும் ஸ்காபரோவிலும் வன்கூவரிலும் ஒன்றே. அவ்வளவு தூரம் நீங்கள் சொல்வது சரி.

ஆனால் அதே 1867 ஆம் ஆண்டுச் சட்டம், நீதி நிர்வாகத்தை மாகாணங்களிடம் கொடுத்தது. இத்தகைய வழக்கைத் தொடுக்கும் வழக்குத்தொடுநர் மாகாண அரசைச் சேர்ந்தவர். வழக்கு நடக்கும் நீதிமன்றத்தை நடத்துவது மாகாணம். இரண்டு ஆண்டுகளுக்குக் குறைந்த சிறைத்தண்டனை மாகாணச் சிறையிலும், இரண்டு ஆண்டுகளும் அதற்கு மேலும் என்றால் மத்திய சிறையிலும் அனுபவிக்கப்படுகிறது. கியூபெக்குக்கும் ஒன்ராறியோவுக்கும் தத்தமது பரோல் சபைகள் கூட உண்டு. சட்டம் ஒன்றாக இருந்தாலும் அதைக் கையாளும் கைகள் பத்து மாகாணங்களுக்கும் வெவ்வேறானவை.

உங்கள் அண்ணாவின் மகனுடைய கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவருக்கு இலகுவான தண்டனை கிடைத்தது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், அவர் குற்றவியல் நீதிமன்றத்துக்கே போகவில்லை. பிரிட்டிஷ் கொலம்பியா 2010 முதல், வீதியோரத்திலேயே உடனடித் தடை விதிக்கும் நிர்வாக முறையொன்றை நடத்திவருகிறது: சோதனையில் தவறியவருக்கு 90 நாள் ஓட்டத்தடை, 500 டொலர் தண்டம், வாகனம் தடுத்துவைக்கப்படுதல். எவருக்கும் காயம் ஏற்படாத முதல் சந்தர்ப்பங்களில் பெரும்பாலும் விடயம் அத்துடன் முடிந்துவிடுகிறது. இப்படியொரு முறையை வீதிப் பாதுகாப்பு என்ற வகையில் கொண்டுவர மாகாணத்துக்கு அதிகாரம் உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 2015 இல் ஏற்றது. 2020 டிசெம்பரில் அல்பேர்ட்டாவும் அதே பாதையில் சென்றது. கியூபெக்கில் அத்தகைய நிர்வாக முறை குற்ற வழக்கின் இடத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை. கனடாவில் பிராந்திய வேறுபாடு மிகப் பெரிதாக வெளிப்படுவது நீதிபதியின் மேசையில் அல்ல, வழக்குத் தொடுப்பதா இல்லையா என்று தீர்மானிக்கப்படும் அந்த முதல் இடத்திலேதான் என்பது எனது உறுதியான கருத்து. அதைப் பற்றி நம் சமூகத்தில் எவரும் பேசுவதில்லை. தண்டனையை மட்டுமே ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். அதோடு, உங்கள் மகனின் வழக்கில் ஒருவருடைய கால் முறிந்திருக்கிறது. இந்த ஒரு வேறுபாடே இரு சம்பவங்களையும் ஒப்பிட முடியாதவையாக்கிவிடுகிறது. வன்கூவரில் நடந்திருந்தாலும் இது குற்ற வழக்காகவே வந்திருக்கும் என்று எதிர்பார்ப்பதுதான் பொருத்தம்.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். ஒரே மாதிரியான குற்றத்தை ஒரே மாதிரியான சூழ்நிலையில் செய்த ஒரே மாதிரியானவர்களுக்குத் தண்டனையும் ஒத்ததாக இருக்க வேண்டும் என்று குற்றவியல் கோவையின் 718.2 ஆம் பிரிவு சொல்கிறது. அதற்கும் அடிப்படையாக, தண்டனையானது குற்றத்தின் பாரதூரத்துக்கும் குற்றவாளியின் பொறுப்பின் அளவுக்கும் ஏற்றதாக அமைய வேண்டும் என்று 718.1 ஆம் பிரிவு சொல்கிறது. இந்த இரண்டையும் மட்டும் வாசிப்பவருக்கு, ஊருக்கு இங்கே இடமே இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் 1996 இல், பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து வந்த ஒரு வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் அன்றைய பிரதம நீதியரசர் லமேர் வேறொரு பக்கத்தைக் காட்டினார். தண்டனை விதிக்கும் நீதிபதி, குற்றத்தால் பாதிக்கப்பட்ட சமூகத்துக்குள்ளோ அதற்கு அண்மையிலோ இருந்து பணியாற்றுபவர். அந்தச் சமூகத்தின் தேவையும் நடப்பு நிலைமையும் அவருக்குத் தெரியும். ஆகவே ஒரே குற்றத்துக்கான தண்டனை நாட்டின் வெவ்வேறு பிரதேசங்களில் ஓரளவு வேறுபடுவது எதிர்பார்க்கப்பட வேண்டியதே என்பது அவருடைய தீர்ப்பின் சாரம்.

அந்தக் கருத்து உங்கள் மகனின் வழக்கு நடக்கும் அதே பிரதேசத்தில்தான் பின்னர் உரசிப் பார்க்கப்பட்டது. 2011 இல் போஸில் ஓர் இளைஞர் போதையில் வாகனத்தை ஓட்டி, அதில் பயணித்த இருவர் உயிரிழக்கக் காரணமானார். அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஷோதியேர் ஆற்றுப் பள்ளத்தாக்கின் சிற்றூர்கள் நிறைந்த அந்தப் பிரதேசத்தில் இத்தகைய வழக்குகள் மலிந்து கிடப்பதையும், மது அருந்தி ஓட்டுவது அங்கே சாதாரணமாக எடுத்துக்கொள்ளப்படுவதையும் கருத்தில் கொண்ட நீதிபதி, ஆறரை ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தார். கியூபெக் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை நான்கு ஆண்டுகளாகக் குறைத்தது. 2015 டிசெம்பரில் உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில், ஆறரை ஆண்டுகளையே மீண்டும் நிலைநாட்டியது. சட்டத்தரணிகள் இதை லக்காஸ் வழக்கு என்று குறிப்பிடுவார்கள். உங்கள் மகனின் சட்டத்தரணி மனதில் வைத்துப் பேசியதும் இதுவாகவே இருக்க வேண்டும்.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர், பின்னர் பிரதம நீதியரசரான றிச்சார்ட் வாக்னர். அந்தத் தீர்ப்பைக் கவனமாகப் படித்தால் அதில் இரு வாசல்கள் தெரியும். ஒரு பிரதேசத்தில் ஒரு குற்றம் அடிக்கடி நடக்கிறது என்பது தன்னளவில் தண்டனையைக் கூட்டும் காரணி அல்ல என்று அது வெளிப்படையாகச் சொல்கிறது. அது உங்கள் மகனுக்குச் சாதகமான வாசல். அதேவேளை, அந்தப் பிரதேசத்தின் குற்றச் சூழலை, பொருத்தமான தண்டனையை நிறுக்கும்போது கணக்கிலெடுக்கும் பல விடயங்களுள் ஒன்றாக நீதிபதி கொள்ளலாம் என்றும், அப்படிக் கொள்வது வெளிப்படையாகவே பொருந்தாத ஒரு தண்டனைக்கு இட்டுச் செல்லக்கூடாது என்றும் சொல்கிறது. மற்றைய இரு நீதியரசர்களும் இதனுடன் உடன்படவில்லை. பிறருக்குப் பாடமாக அமைய வேண்டும் என்ற நோக்கத்துக்கு விசாரணை நீதிபதி அளவுக்கு மீறிய எடையைக் கொடுத்து, முன்னால் நிற்கும் மனிதரைப் பார்க்கத் தவறிவிட்டார் என்பது அவர்களின் கவலை.

எனது மனம் எங்கே நிற்கிறது என்று கேட்டால், பெரும்பான்மையின் விதியை ஏற்றுக்கொள்கிறேன்; சிறுபான்மையின் கவலையை ஒருபோதும் மறக்கலாகாது என்றும் நினைக்கிறேன். அந்த ஊரில் வாரந்தோறும் இப்படி விபத்துகள் நடந்தால், அந்த ஊர் மக்களின் அச்சத்தை நீதிமன்றம் கேளாமல் இருப்பது சரியல்ல. ஆனால் அந்த ஊரில் பிறர் குடித்து ஓட்டியதற்கான கணக்கை உங்கள் மகன் தலையில் எழுதுவதும் சரியல்ல. அவர் செய்ததற்கு மட்டுமே அவர் பொறுப்பாளி. உங்கள் மகனோ அந்தப் பிரதேசத்தைச் சேர்ந்தவரே அல்லர். அங்குள்ள பழக்கத்தில் ஊறியவர் என்றோ, அங்குள்ளவர்களுக்குப் பாடம் புகட்ட அவரைத் தண்டிப்பது பயன் தரும் என்றோ சொல்வதற்கு என்ன ஆதாரம் என்று சட்டத்தரணி கேட்கலாம், கேட்க வேண்டும். பிரதேச நிலைமையை நீதிபதி கருத்தில் கொள்ளப் போகிறார் என்று தெரிந்தால், அதற்கு அடிப்படையான தகவல் என்ன என்பதை வெளிப்படையாக வைக்கும்படியும், அதற்குப் பதிலளிக்கச் சந்தர்ப்பம் தரும்படியும் கோர வேண்டும். அந்தச் சமூகத்தின் சார்பில் பாதிப்பு வாக்குமூலம் ஒன்றைச் சமர்ப்பிக்கவும் குற்றவியல் கோவையில் இடமிருக்கிறது. அப்படி ஒன்று வந்தால் அதைப் பதற்றமின்றி வாசித்துப் பதில் தயாரியுங்கள்.

பிரதேசம் என்பது எப்போதும் தண்டனையைக் கூட்டவே பயன்படுகிறது என்று எண்ணிவிட வேண்டாம். 1992 இல் யூக்கோன் பிராந்தியத்தின் மேயோ என்ற சிற்றூரில் நீதிபதி பரி ஸ்டுவர்ட், ஊர் மக்களையும் குற்றவாளியின் குடும்பத்தையும் வட்டமாக அமரவைத்து, தண்டனை பற்றி அவர்களோடு கலந்து பேசி, சிறைக்குப் பதிலாக நன்னடத்தைக் கண்காணிப்பை விதித்தார். அங்கே ஊரின் தனித்தன்மையே இரக்கத்துக்கு வழி திறந்தது. மாறாக, அல்பேர்ட்டாவின் மேன்முறையீட்டு நீதிமன்றம், ஃபெண்டனில் என்ற போதைப்பொருளை மொத்த அளவில் கடத்துவோருக்குத் தண்டனை ஒன்பது ஆண்டுகளிலிருந்து கணிக்கப்பட வேண்டும் என்று ஒரு தொடக்கப் புள்ளியை வகுத்தது. அப்படி வகுக்கலாம், ஆனால் அது எந்த நீதிபதியின் கையையும் கட்டிவிடாது என்று 2021 இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஒவ்வொரு மாகாணத்தின் மேன்முறையீட்டு நீதிமன்றமும் தன் பிரதேசத்துக்கான அளவுகோலை வைத்திருக்கிறது. அவை வழிகாட்டிகள், விலங்குகள் அல்ல.

“இது உரிமைச் சாசனத்தின் சமத்துவப் பிரிவை மீறுவதாகாதா?” என்ற கேள்வி உங்கள் மனதில் எழலாம். கொலைக் குற்றம் சாட்டப்பட்டவர் யூரர்கள் இன்றி நீதிபதி முன்னிலையில் மட்டும் விசாரணையைத் தெரிவு செய்யும் வாய்ப்பு ஒரு காலத்தில் அல்பேர்ட்டாவில் மட்டுமே இருந்தது. ஒன்ராறியோவில் அந்த வாய்ப்புக் கேட்டவர்கள் சமத்துவ வாதத்தை எடுத்துச் சென்று, 1989 இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள். எந்த மாகாணத்தில் இருக்கிறோம் என்பதை, இனம், பால், மதம் போன்ற அடையாளங்களின் வரிசையில் நீதிமன்றம் எளிதில் வைப்பதில்லை. அந்த வழியில் உங்கள் பணத்தையும் காலத்தையும் செலவிட வேண்டாம் என்பதே எனது ஆலோசனை.

வழக்கை ரொறன்ரோவுக்கு மாற்றுவது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். விசாரணையை வேறு மாகாணத்துக்கு மாற்ற முடியாது. ஆனால் குற்றத்தை ஒப்புக்கொள்வதாயின், குற்றவியல் கோவையின் 478 ஆம் பிரிவின் கீழ், குற்றம் நடந்த மாகாணத்தின் சட்டமா அதிபர் தரப்புச் சம்மதித்தால், இன்னொரு மாகாணத்தில் தான் இருக்கும் இடத்து நீதிமன்றத்தில் தோன்றி ஒப்புக்கொண்டு, அங்கேயே தண்டனை பெறலாம். 479 ஆம் பிரிவின் கீழ் ஒரே மாகாணத்துக்குள்ளும் இதைச் செய்யலாம். அதாவது போஸிலிருந்து மொன்றியலுக்கு. இரண்டுக்குமே வழக்குத்தொடுநரின் சம்மதம் தேவை. ஒருவர் காயப்பட்ட வழக்கில் அந்தச் சம்மதம் இலகுவில் கிடைக்காது. “இங்கே தண்டனை கடுமை, அதனால் வேறு ஊர் வேண்டும்” என்று கேட்டால் நிச்சயமாகக் கிடைக்காது. படிப்பு, வசிப்பிடம், சிகிச்சை, குடும்ப ஆதரவு ஆகியவை மொன்றியலில் இருக்கின்றன என்ற காரணம் உண்மையாக இருந்தால், அதையே நேர்மையாக முன்வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். கிடைத்தாலும் கூட, தண்டனை விதிக்கும் நீதிபதி, குற்றம் நடந்த இடத்தையும் அங்குள்ள பாதிப்பையும் மறந்துவிடுவார் என்று எதிர்பார்க்க முடியாது. மொழி காரணமாக அஞ்சுகிறீர்கள் என்றால் அதற்கு அவசியமே இல்லை: ஆங்கிலத்தில் வழக்கை நடத்தும்படி கோரும் உரிமை கியூபெக்கிலும் உங்கள் மகனுக்கு உண்டு.

தண்டனையின் எல்லைகளைச் சொல்லிவிடுகிறேன். போதையில் ஓட்டி உடற்காயம் விளைவித்தமைக்கு, பாரதூரமான முறையில் (indictment) வழக்குத் தொடுத்தால் உச்சம் 14 ஆண்டுகள்; சுருக்கமான முறையில் (summary) தொடுத்தால் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு நாள் குறைவு. முதல் தடவைக்கான குறைந்தபட்சம் 1,000 டொலர் தண்டப்பணம். எந்த முறையில் தொடுப்பது என்ற தெரிவு வழக்குத்தொடுநருடையது. எனவே சட்டத்தரணியின் முதற்பேச்சு அங்கேதான் நடக்க வேண்டும். 2022 நவம்பரில் வந்த சட்டத் திருத்தத்தின் பின், இரண்டு ஆண்டுகளுக்குக் குறைந்த தண்டனையானால், அதை நிபந்தனைகளோடு வீட்டிலிருந்தே அனுபவிக்க அனுமதிக்கும்படி இந்தக் குற்றத்துக்கும் கேட்கலாம். போஸ் வழக்கின் ஆறரை ஆண்டுகளைப் பார்த்து நீங்கள் நடுங்க வேண்டாம். அங்கே இரண்டு உயிர்கள் போயின. அந்தக் குற்றத்துக்கு உச்சத் தண்டனை ஆயுள். அது வேறொரு தட்டு.

நீங்கள் கடிதத்தில் ஒரு வரியில் கடந்துபோன விடயமே என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது: உங்கள் மகன் இன்னும் கனடியக் குடிமகன் அல்லர். பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ உச்சத் தண்டனை உள்ள குற்றத்தில் குற்றவாளியாகக் காணப்படும் நிரந்தர வதிவாளர், குடிவரவுச் சட்டத்தின்படி பாரதூரமான குற்றம் புரிந்தவராகக் கொள்ளப்பட்டு நாடு கடத்தும் நடவடிக்கைக்கு உள்ளாகலாம். வழக்குச் சுருக்கமான முறையில் நடத்தப்பட்டாலும் இந்த ஆபத்து நீங்காது. 2018 டிசெம்பர் 18 முதல், காயம் எதுவும் இல்லாத, வெறும் போதையில் ஓட்டிய குற்றமே இந்த வகைக்குள் வந்துவிட்டது. அதற்கு மேல், ஆறு மாதங்களோ அதற்குக் கூடவோ சிறைத்தண்டனை விதிக்கப்பட்டால், அந்த நாடு கடத்தல் கட்டளைக்கு எதிராகக் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகும் வழியும் அடைபடும். ஊர் காரணமாகச் சில வாரங்கள் கூடினாலும் குறைந்தாலும் என்ன என்று ஒரு குடிமகன் இருந்துவிடலாம். உங்கள் மகனுக்கு அந்தச் சில வாரங்களே வாழ்க்கை முழுவதையும் புரட்டிப் போடக் கூடியவை.

இதற்குச் சட்டத்தில் கை கொடுக்கும் இரண்டு தீர்ப்புகள் உண்டு. குடிவரவு விளைவுகளைத் தண்டனை விதிக்கும் நீதிபதி கணக்கிலெடுக்கலாம், ஆனால் அதற்காகப் பொருத்தமற்ற தண்டனையை விதிக்கக்கூடாது என்று 2013 இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பாரதூரமான குற்றத்தைத் தீர்மானிக்கும் பிரிவில் வரும் ‘சிறைத்தண்டனைக் காலம்’ என்பதற்குள் வீட்டிலிருந்து அனுபவிக்கும் நிபந்தனைத் தண்டனை அடங்காது என்று 2017 இல் சொன்னது. ஆகவே குற்றத்தை ஒப்புக்கொள்ளும் முன், ஒப்புக்கொண்ட பின் அல்ல, குடிவரவுச் சட்டத்தில் தேர்ந்த ஒருவரின் எழுத்து மூலமான கருத்தைப் பெற்று, குற்றவியல் சட்டத்தரணியிடம் கொடுங்கள். இருவரும் ஒருமுறையாவது ஒன்றாகப் பேசிக்கொள்ள வேண்டும். குற்றவியல் வழக்கை மட்டும் பார்த்து, “ஒப்புக்கொண்டு முடித்துவிடலாம்” என்று சொல்லப்பட்ட ஆலோசனையால் பின்னர் இந்த நாட்டில் வாழும் உரிமையையே இழக்கும் நிலைக்கு வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

தண்டனை நாள் வரும்வரை உங்கள் மகன் சும்மா இருக்கக்கூடாது. மது தொடர்பான மதிப்பீட்டுக்கும் ஆற்றுப்படுத்தலுக்கும் இப்போதே போக வேண்டும். அதற்கான பதிவுகள் வேண்டும். நன்னடத்தை அலுவலர் தண்டனைக்கு முந்தைய அறிக்கைக்காக அழைக்கும்போது, ஊரையும் வீதியையும் காலநிலையையும் குறை சொல்லாமல், தான் செய்ததைத் தானே சொல்ல வேண்டும். காயப்பட்ட நண்பரைப் பார்க்க நீங்களும் மகனும் விரும்புவீர்கள்; அது இயல்பு. ஆனால் பிணை நிபந்தனைகளில் அவரோடு தொடர்பு கொள்ளத் தடை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தடை இருந்தால், மன்னிப்புக் கேட்பதற்காகவேனும் தொலைபேசியை எடுக்க வேண்டாம். சொல்ல வேண்டியதை எழுதிச் சட்டத்தரணியிடம் கொடுத்து, எப்போது, எந்த வழியில் அதை நண்பரிடம் சேர்ப்பது என்பதை அவரையே தீர்மானிக்க விடுங்கள்.